ஒல்லியின் வால்

ஒல்லியின் வாலைக் கிழித்தது நோய் இல்லை என்பதை அந்த வீட்டில் முதலில் தெரிந்துகொண்டவள் சின்னவள்தான். வேறு யாருக்குத் தெரியப்போகிறது? அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். காலை ஏழு மணிக்கு ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு போனால் சாயங்காலம்தான் வருவான். அண்ணிக்குப் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, ஹாலில் சும்மா உட்கார்ந்திருந்தது இவள் ஒருத்திதான். டிவி பார்க்கப் பிடிக்காமல், சுவரோரம் இருந்த கடல்மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொட்டியில் இரண்டே மீன்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஜோடி. பயில்வான் மாதிரி இருந்த பெரியதற்கு வஸ்தாது என்றும் சின்னதற்கு ஒல்லி என்றும் அண்ணன் பெயர் வைத்திருந்தான். வஸ்தாது என்றால் அவனுக்கு உயிர். வேலை விட்டு வந்ததும் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கிறானோ இல்லையோ, அதன் முகத்தைப் பார்த்துவிடுவான். ஒரு மாதமாக ஒல்லியின் வால் அழுகிக்கொண்டு வந்தது. ஓரமெல்லாம் வெளுத்து, நூல் நூலாகப் பிரிந்து, அடியில் சிவப்புக் கோடு ஓடியிருந்தது. துடுப்பு அழுகல் என்று போனில் தேடிக் கண்டுபிடித்து, நாலு விதமான மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றிப் பார்த்துவிட்டான் அண்ணன். பாறையில் ஒட்டியிருந்த சின்னச் சின்னப் புழுக்களும் நத்தைகளும் செத்துப்போனதுதான் மிச்சம்.

அன்று பதினோரு மணி வாக்கில் வஸ்தாது பாறை இடுக்கிலிருந்து நிதானமாக வெளியே வந்தது. மூலையில் தண்ணீர் பம்ப்புக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்த ஒல்லி அதைப் பார்த்ததும் பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை நடுக்கிக் காட்டியது. நான் உனக்கு அடங்கினவன், என்னை விட்டுவிடு என்கிற நடுக்கம். வஸ்தாது விடவில்லை. வாலைக் கவ்வி, தலையை இரண்டு பக்கமும் உதறி, ஒரு துணுக்கைப் பிய்த்து எடுத்தது. பிய்த்ததைத் தின்னவும் இல்லை, துப்பிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டது. முழுசாக அரை நிமிஷம் ஆகவில்லை. அந்த நடுக்கத்தைச் சின்னவளுக்கு நன்றாகத் தெரியும். போனைத் தொட்டிக்கு நேரே சாய்த்து வைத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் அண்ணன் நம்பவில்லை.

"கடிக்குதா? ஜோடி மீனும்மா அது. ஒண்ணை விட்டு ஒண்ணு இருக்காது. சும்மா விளையாடியிருக்கும்."

"விளையாட்டுல வால் பிஞ்சு வருமாண்ணா?"

படத்தைக் காட்டியபிறகும் "உம்" என்றானே தவிர, ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் தனக்கு விடுமுறை என்பதால் அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வண்ணமீன் கடைக்குப் போனான். கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரை உப்புத்தண்ணீர் ஊறி வெளுத்த கை. மீன் வாங்க வருகிற யாரையும் அவளுக்குப் பிடிக்காது என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. படத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"என்ன மருந்து போட்டீங்க?"

அண்ணன் நாலையும் வரிசையாகச் சொன்னான்.

"ஏன், வீட்டுல இருந்த இருமல் மருந்தை மட்டும் விட்டுட்டீங்க?" என்றாள். "கடிபட்ட இடத்துலதான் சார் அழுகல் வரும். கடி நிக்காம மருந்தை ஊத்தி என்ன புண்ணியம்? முதல்ல பிரிங்க. தனியா ஒரு சின்னத் தொட்டி. மண்ணு வேணாம், கல்லு வேணாம். ஒளிஞ்சுக்க ஒரு துண்டு குழாய், ஒரு ஹீட்டர், ஒரு பஞ்சு ஃபில்டர். அதுல மட்டும் இந்தப் பொடி. தினம் பாதித் தண்ணி மாத்தணும். புதுத் தண்ணி முதல் நாளே கரைச்சு வச்சதா இருக்கணும். உப்பு அளவு, சூடு ரெண்டும் பழசோட ஒத்துப்போகணும்."

"எத்தனை நாள்ல திரும்ப ஒண்ணாச் சேர்க்கலாம்?"

"சேர்க்கக் கூடாது. ருசி கண்டுட்டா விடாது. பெருசை எங்கிட்ட குடுங்க, நான் வச்சுக்கறேன். இல்லன்னா நடுவுல தடுப்புப் போடுங்க."

"எட்டு வருஷமா வளர்க்கறேன்மா வஸ்தாதை. அவனைப் போயி..."

"அவன் இல்ல, அவ. இந்த மீன்ல பெருசுதான் பொம்பளை. சின்னது புருஷன்."

அண்ணன் திறந்த வாயை மூடவில்லை. எட்டு வருஷமாக ஒரு பெண்ணை வஸ்தாது என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். வீட்டில் அண்ணி இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒரு வீட்டுலயாவது அப்படி இருக்கட்டுமே" என்றாள். சொன்னபிறகுதான் சின்னவளின் விரல் கட்டு கண்ணில் பட்டு, சிரிப்பை விழுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தக் கட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சின்னவளின் புருஷன் கார் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் இருக்கிறான். குரலை உயர்த்தியே பேசத் தெரியாதவன் என்று ஊரெல்லாம் பெயர். உண்மைதான், உயர்த்தவே மாட்டான். முதல் தடவை அவன் அறைந்ததில் அவளுக்கு உதடு பிளந்து ஒரு பல் ஆடியது. அண்ணன் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். "கோவத்துல ஒரு அடி விழறதுதான்" என்று அண்ணன் கொண்டுபோய் விட்டான். இரண்டாம் தடவை வயிற்றில் மிதித்தான். விலா எலும்பில் கீறல் விட்டது. சொன்னாள். மாப்பிள்ளை தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து, சோபாவில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு "தப்புதான் மச்சான்" என்றான். அந்தக் குனிந்த தலையைப் பார்த்து அண்ணன் உருகிவிட்டான். மறுபடியும் கொண்டுபோய் விட்டான். மூன்றாவது, கார்க் கதவு. அவள் விரல் வைத்திருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, அவளையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, பிறகு மூடினான். இதையும் சொன்னாள். "தெரியாம பட்டிருக்கும்மா" என்றான் அண்ணன். லிஃப்டின் இரும்புக் கயிற்றில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற கண் அவனுக்கு. வீட்டுக்கு வந்தால் அது எங்கே போகிறதோ தெரியாது.

சின்னத் தொட்டியை அண்ணியின் அறையில் ஸ்டூல் மேல் வைத்தார்கள். வைத்தியம் முழுக்கச் சின்னவள் தலையில் விழுந்தது, அவளும் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டாள். இடது கையால் உப்புப் பொடியை அளந்து, வாளியில் கரைத்து, குட்டிப் பம்ப்பைப் போட்டு ஒரு நாள் முழுக்கச் சுழலவிடுவாள். மறுநாள் உப்பு அளவு பார்க்கும் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பாள். ஒத்துவந்தால்தான் மாற்றுவாள். முதல் மூன்று நாள் ஒல்லி குழாய்த் துண்டை விட்டு வெளியே வரவில்லை. தீனி போட்டால் அது கீழே விழுந்து கரைந்தது. அழுகல் வாலின் அடிவரை போயிருந்தது. இன்னும் ஒரு நூல் ஏறினால் உடம்பைத் தொட்டுவிடும், அப்புறம் பிழைக்காது என்று கடைக்காரம்மா போனில் சொன்னாள்.

நான்காம் நாள் சிவப்புக் கோடு மங்கியது. ஆறாம் நாள் இறால் துணுக்கு ஒன்றை எட்டிக் கவ்வியது. பத்தாம் நாள் கருகின ஓரத்துக்கு வெளியே கண்ணாடி போல ஒரு மெல்லிய விளிம்பு வந்திருந்தது. நிறமே இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். புது வால்! சின்னவள் அண்ணியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். இரண்டு பேருமாக ஸ்டூல் முன்னால் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வர்றாராம். உங்கண்ணன் வரச் சொல்லியாச்சு. உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீ போறியா?"

"போனா இந்தத் தடவை கொன்னுடுவான் அண்ணி."

இவளை இங்கேயே வைத்துக்கொள்வோம் என்று அண்ணனிடம் இரண்டு தடவை சண்டை போட்டுத் தோற்றவள் அண்ணி.

பதினைந்தாம் நாள் சனிக்கிழமை. சின்னவள் விரல் கட்டை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து மத்தியானம் திரும்பியபோது, சின்னத் தொட்டியில் ஒல்லி இல்லை. பஞ்சு ஃபில்டர் மட்டும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஹாலுக்கு ஓடினாள். பெரிய தொட்டி முன்னால் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ கல்யாணத்தை நடத்தி வைத்தவன் போல நின்றிருந்தான்.

"பாரு, எவ்வளவு சமத்தா ஒண்ணா சுத்துதுங்க. வால் வந்தாச்சு, குணமாயாச்சு. இதைப் போயி தனியா அடைச்சு வச்சிருந்தோம்."

"அண்ணா, அந்தம்மா சேர்க்கவே கூடாதுன்னு சொன்னாங்க. எடுத்துடு. கடிக்கும்."

"அவங்களுக்கென்ன, பெரிய மீனை நம்மகிட்டேருந்து வாங்கிக்கணும். எனக்குத் தெரியாதா என் மீனை? கொஞ்ச நாள் பிரிஞ்சிருந்தா பாசம் வந்துடும்."

"எடுத்துடுண்ணா." கெஞ்சினாள். "நான் பாத்தேண்ணா. நான்தானே தினம் பாத்தேன்."

"எல்லாத்தையும் பெருசு பண்ணாதே சின்னு" என்றான். அவனுக்கு இந்த வாக்கியம் கிளிப்பிள்ளைப் பாடம் மாதிரி. வஸ்தாது அன்றைக்குச் சமர்த்தாகத்தான் இருந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கூடவே அவன் அக்கா. தொட்டிக்கு முதுகைக் காட்டி இருக்கும் நீள சோபாவில் இருவரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் எதிரே நாற்காலியில், மாப்பிள்ளையின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். அண்ணி டீயை வைத்துவிட்டு ஒதுங்கினாள். சின்னவள் அறை வாசலில் நின்றாள். பக்கத்தில் அவளுடைய பெட்டி. அண்ணன்தான் கட்டி வைத்திருந்தான்.

"இந்தா பாரும்மா, ரெண்டு பாத்திரம் ஒண்ணா இருந்தா சத்தம் வரத்தான் செய்யும்" என்று ஆரம்பித்தாள் நாத்தனார். "எந்தம்பி தங்கமான பையன். நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

"என் மேலயும் தப்பு இருக்கு மச்சான்" என்றான் மாப்பிள்ளை, தலையைக் குனிந்துகொண்டு.

அண்ணன் உருக ஆரம்பித்தான். அவர்கள் தலைக்குப் பின்னால் தொட்டியில் வஸ்தாது புறப்பட்டுவிட்டது.

முதல் கடியிலேயே அந்தக் கண்ணாடி விளிம்பு போய்விட்டது. ஒல்லி சாய்ந்து நடுங்கிக் காட்டியது. வஸ்தாது அதை மோதிக் கண்ணாடியில் அறைந்தது. மறுபடி வால். மறுபடி மோதல். பக்கத் துடுப்பைக் கவ்வி உதறியதில் அது பாதியாகப் பிய்ந்தது. ஒல்லி மேலே ஓடியது, கீழே ஓடியது, பம்ப்பின் மூலையில் தலையைச் செருகிக்கொண்டது. அங்கேயும் விடாமல் துரத்திப்போய்க் கண்ணைக் குறிவைத்தது வஸ்தாது. சோபாவில் நாத்தனார் பொறுமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சின்னவள் யாரையும் பார்க்காமல் நேராக நடந்து சோபாவைச் சுற்றிப் போய்த் தொட்டியின் மூடியைத் தூக்கினாள். கட்டோடு இருந்த கையையும் சேர்த்து இரண்டு கையையும் உள்ளே விட்டாள். வஸ்தாது அவள் கட்டைவிரலைக் கடித்தது. அவள் அதைத் தள்ளிவிட்டு, ஒல்லியைப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் ஜாடியில் தண்ணீரோடு மொண்டு எடுத்தாள். அது ஒரு பக்கமாகக் கவிழ்ந்து மிதந்தது. செவுள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. வால் இருந்த இடத்தில் ஒரு சிவப்பு முனைதான் மிச்சம்.

"ஏய், என்ன பண்றே நீ?" என்று எழுந்த அண்ணன் ஜாடிக்குள் பார்த்துவிட்டு அலறினான். "ஐயோ! கடிக்குதுன்னு தெரியும்ல உனக்கு? வாய்ல என்ன வச்சிருந்தே? ஏன் முன்னாடியே சொல்லலை?"

"சொன்னேண்ணா" என்றாள் சின்னவள். அவள் குரல் நடுங்கவில்லை. "ஒவ்வொரு தடவையும் வந்து சொன்னேன். நீதான் கொண்டுபோய் விட்டே."

மாப்பிள்ளை மெல்லச் சிரித்தான்.

"ஒரு மீனுக்கு இவ்வளவு நாடகமா? வா, போகலாம்."

அவள் கையிலிருந்த ஜாடியை வாங்கிப் பதவிசாக டீப்பாய் மேல் வைத்தான். அவள் வலது கையை, பார்ப்பவர்களுக்குப் பிரியமாகத் தெரியும்படி, தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டான். எடுத்துக் கட்டுப் போட்ட இரண்டு விரலையும் பின்னால் மடக்கினான். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. பச்சைக் குச்சி முறிகிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அடி வாங்கும்போது ஒரு தடவைகூடக் கத்தாதவள் கத்தினாள். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அண்ணன் பார்த்துவிட்டான். முழுசாக, தன் கண்ணாலேயே பார்த்தான். அதற்குப் பிறகு அவன் மனுஷனாக இல்லை. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி டீப்பாய்க்கு அந்தப் பக்கம் வீசினான். நல்லவேளை, அண்ணி பாய்ந்து ஜாடியை எடுத்திருந்தாள். எழுந்த மாப்பிள்ளை நாற்காலியை வீசியதில் அண்ணனின் மூக்கு உடைந்து ரத்தம் மார்பில் கொட்டியது. அதைத் துடைக்கக்கூட இல்லை அவன். இரும்புக் கயிறு இழுத்துக் காய்த்த கை; முகத்தில் குத்தினான், வாயில் குத்தினான், பல்லைப் பெயர்த்தான். நாத்தனார் கைப்பையால் அவன் முதுகில் அடித்துக்கொண்டே கூச்சல் போட்டாள். கடைசியில் மாப்பிள்ளையின் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கினான். குதிகால்கள் தரையில் அடித்துக்கொண்டன. முகம் நீலமாகியது.

சின்னவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துச் சொல்வானேன்? இரண்டு மூச்சு நேரம் அவள் அந்தச் சந்தோஷத்தோடு நின்றாள். அப்புறம் அண்ணனின் முகம் கண்ணில் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண் எங்கேயோ நிலைத்து, கேட்கிற காது போய்விட்ட முகம். கார்க் கதவை மூடும்போது புருஷனிடம் பார்த்த அதே முகம். அவள் ஓடிப்போய் இடது கையால் அண்ணனின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அவன் விடவில்லை. மறுபடி அறைந்தாள்.

"விடு! செத்துடுவான், விடுண்ணா!"

மூன்றாவது அறையில் கை தளர்ந்தது. மாப்பிள்ளை உருண்டு, இருமி, ரத்தமும் எச்சிலுமாகத் துப்பினான். அவன் அக்கா அவனை இழுத்துக்கொண்டு போனாள். "உங்க எல்லாரையும் உள்ள தள்றேன் பாரு" என்று வாசலில் நின்று அவன் சொன்னபோதுதான், முதன்முறையாக அவன் குரல் உயர்ந்தது.

அண்ணன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டே இருந்தது. "இனிமே நீ எங்கயும் போக வேணாம்" என்றான் மூச்சு வாங்க. "நான் இருக்கேன் உனக்கு." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அழுவாள், மடியில் சாய்வாள் என்று நினைத்தானோ என்னவோ.

அவள் அண்ணி கையிலிருந்த ஜாடியை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். சின்னத் தொட்டியின் தண்ணீரை இன்னும் கொட்டியிருக்கவில்லை. சூட்டைப் பார்த்து, ஜாடியை மெதுவாகச் சாய்த்தாள். ஒல்லி அடியில் போய்க் குழாய்த் துண்டில் சாய்ந்து நின்றது. செவுள் அடித்தது. ஒல்லிக்கு மருந்துப் பொடியை ஒற்றைக் கையால் அளந்து போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"அண்ணி, வண்டியை எடுங்க. முதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் போலீஸ் ஸ்டேஷன். அண்ணா, நீயும் வரணும்."

"வர்றேன். அவன் விரலை ஒடிச்சதை நான் பாத்தேன். சொல்றேன்."

"நீ கழுத்தை நெரிச்சதையும் சொல்லணும்."

அவன் திடுக்கிட்டுப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான்.

"மூணு தடவை நான் வந்து சொன்னதையும் சொல்லணும். ரெண்டு தடவை நீயே கொண்டுபோய் விட்டதையும், இன்னிக்கு என் பெட்டியைக் கட்டி வச்சதையும் சொல்லணும்."

"அதை எதுக்கும்மா அங்க போயி..." என்று இழுத்தான். "அது நம்ம வீட்டு விஷயம்."

"அதைச் சொல்லலைன்னா, அடிச்சவன்கிட்ட ஏன் திரும்பத் திரும்பப் போனேன்னு என்னைத்தான் கேப்பாங்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும், நீயே சொல்லு."

அவன் எழுந்து, வாசல் படியில் உட்கார்ந்து ஷூவை மாட்டினான். லேஸ் முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்துவிட்டது. இரண்டு பெண்களும் அவன் கட்டி முடிக்கும்வரை வண்டிக்குப் பக்கத்தில் நின்று காத்திருந்தார்கள்.